புரோநோட்டு வழக்கு: நமது பக்கத்தைச் சொல்வதற்கே அனுமதி கேட்க வேண்டுமா?

கேள்வி:

ஐயா, நாங்க கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்கட வீட்டுக்காரர் ஆறு ஏக்கர் வயல் செய்யிறவர். 2022 மாரிப்போகத்துக்கு உரவிலை ஏறிக் கிடந்த நேரம், ஒரு நெல் வியாபாரியிட்ட 5 இலட்சம் கேட்டம். நூற்றுக்கு மாசம் 5 வட்டி. ரெண்டு மாச வட்டி 50,000ஐக் கழிச்சுப்போட்டு 450,000 கையில தந்தவர். ஒண்டுமே எழுதாத புரோநோட்டில எங்கட ரெண்டு பேரிட கையெழுத்தையும் வாங்கினவர். 2023 பங்குனி வெட்டுக்கு 180,000க்கு நெல்லு குடுத்தம். ஆவணியில அவர்ர வங்கிக் கணக்கில 60,000 போட்டம். 2024 வெட்டுக்கு 150,000க்குத் திரும்பவும் நெல்லு. மறுகா ரெண்டு போகம் வெள்ளத்தில போச்சு. இப்ப 12 இலட்சமும் வட்டியும் எண்டு மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு. கோட்டுப் பிஸ்கால் கொண்டுவந்து தந்த கடதாசியில, அனுமதி எடுக்காம வந்து எதிர்வழக்காட ஏலாது எண்டு போட்டிருக்கு. எங்கட வழக்குக்கு நாங்க போக ஏன் அனுமதி? பாதிக் காசைக் கோட்டில கட்டினாத்தான் பேச விடுவாங்க எண்டு ஒருத்தர் சொல்லுறார். வீட்டுக்காரர், போகாட்டி என்ன செய்வாங்க எண்டு இருக்கிறார். வியாபாரியிட ஆள் வந்து, புதுத் தாளில கையெழுத்து வைச்சா வழக்கைக் கைவிடுறம் எண்டு சொல்லுறார். தவணைக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கு. என்ன செய்யிற?

– ஒரு வாசகி, படுவான்கரை

பதில்:

தங்கச்சி, கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்ததால் அது கிடைத்த அன்று மாலையே உங்களை அழைத்து, அவசரமானதைச் சொல்லிவிட்டேன். 12 நாளை வைத்துக்கொண்டு ஒரு பத்திப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. ஆனாலும் இதே அழைப்பாணை இந்த நேரத்தில் வேறு எத்தனையோ வீட்டுக் கூரைத்தட்டில் செருகிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் சேர்த்து முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. வழக்குக்குப் போகாவிட்டால் யாரும் வந்து பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். அதுதான் இதிலுள்ள ஆபத்து. சாதாரண வழக்கென்றால் நீதிமன்றம் வழக்காளியிடம் சாட்சியம் கேட்டுத்தான் தீர்ப்புக்கு வரும். உங்களுக்கு வந்திருப்பது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 53ஆம் அத்தியாயத்தின் கீழான சுருக்க நடைமுறை வழக்கு. இதில் குறித்த நாளுக்குள் அனுமதி கேட்காவிட்டால், வழக்காளி கேட்ட தொகைக்கும் வட்டிக்கும் செலவுக்கும் அப்படியே டிக்ரி, அதாவது தீர்ப்புக் கட்டளை, வரும். நீங்கள் கொடுத்த நெல்லையோ வங்கியில் போட்ட காசையோ யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு வருவது அந்த டிக்ரியை நிறைவேற்றுகிற எழுத்தாணை, பறிமுதல், ஏலம். உழுகிற கருவியையும், தொழிலுக்குத் தேவையென்று நீதிமன்றம் கருதுகிற மாட்டையும் விதைநெல்லையும் எடுக்கக்கூடாது என்று அதே சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. வயலையும் வளவையும் அது காப்பாற்றாது.

ஏன் அனுமதி என்ற உங்கள் கேள்வி நியாயமானது. 1889இல் வந்த சட்டக்கோவை அது. காசோலை, உண்டியல் (மாற்றுச்சீட்டு), புரோநோட்டு, தொகை திட்டமாகத் தெரிகிற எழுத்து ஒப்பந்தம் போன்றவற்றைச் சட்டம் ஏறக்குறையக் கைக்காசு மாதிரிப் பார்க்கிறது. இன்ன தொகையைத் தருவேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார், அதை வைத்திருப்பவரை ஐந்தாறு வருடம் வழக்குக்கு அலைய வைக்கக்கூடாது என்பது அதன் எண்ணம். அதனால் 704ஆம் பிரிவு வழக்கமான முறையைத் திருப்பிப் போடுகிறது. எதிராளி முதலில், தன்னிடம் விசாரிக்கத்தக்க ஒரு எதிர்வாதம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினால் கதவு திறக்கும், அதன் பிறகு அது மற்ற வழக்குகளைப் போல விடை, எழுவினா (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்), சாட்சி என்று போகும். இந்தக் கட்டத்தில் நீங்கள் வழக்கை வெல்லத் தேவையில்லை. விசாரித்துப் பார்க்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது என்று நீதிபதிக்குத் தெரிந்தால் போதும்.

பாதிக் காசு என்று சொன்னவர் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறார், ஆனால் அது சட்டமில்லை. 706ஆம் பிரிவு அனுமதிக்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. அழைப்பாணையில் உள்ள முழுத் தொகையையும் நீதிமன்றத்தில் கட்டுவது ஒன்று. எதிர்வாதத்தை வெளிப்படுத்துகிற, நீதிமன்றத்துக்குத் திருப்தியான சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கையெழுத்து வைத்த எழுத்து வாக்குமூலம், கொடுப்பது மற்றது. இரண்டாவது வழியில் போகிறவரிடம் காசையோ பிணையையோ எப்போது கேட்கலாம் என்பதையும் 704 சொல்லிவிட்டது. எதிர்வாதம் முதற்பார்வைக்கே நிற்காதது போலிருந்தால் கேட்கலாம். அல்லது அது நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதா என்று நியாயமான சந்தேகம் வந்தால் கேட்கலாம். இரண்டும் இல்லாத இடத்தில் நிபந்தனையில்லாத அனுமதியைக் கேட்பதுதான் சரி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வங்கியோ பதிவுபெற்ற நிதிக் கம்பனியோ 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு வைத்தால் வருகிற கடதாசியே வேறு. அதில் இடைக்காலக் கட்டளை ஒன்று முதலிலேயே பிறந்திருக்கும், காரணம் காட்ட அனுமதி கேட்க வேண்டும், பணம் கட்டுவதையும் பிணையையும் பற்றிய ஏற்பாடும் தனியாக இருக்கும். உங்களோடு பேசியவர் அந்த வகை வழக்கொன்றைப் பார்த்திருக்கக்கூடும். உங்கள் வியாபாரி கடன் வழங்கும் நிறுவனம் இல்லை. நீங்கள் அனுப்பிய அழைப்பாணைப் படத்திலும் 53ஆம் அத்தியாயம் என்றே இருக்கிறது.

இனி உங்களிடம் என்ன எதிர்வாதம் இருக்கிறது என்று பார்ப்போம். நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன் நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், வாங்கியவர் அதை நிரப்பிக்கொள்ளலாம் என்று நீங்கள் அதிகாரம் கொடுத்ததாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். உண்டியல் கட்டளைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அப்படித்தான் போகிறது. ஆகவே, நாங்க வெறுந்தாளிலதான் வைச்சம் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் போதாது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. நியாயமான காலத்துக்குள், கொடுத்த அதிகாரத்துக்கு அமையவே நிரப்ப வேண்டும். நீங்கள் ஒத்துக்கொண்டது 5 இலட்சத்துக்கு. எழுதப்பட்டிருப்பது 12 இலட்சம். கையெழுத்து வைத்தது 2022 ஐப்பசியில். தாளில் இருக்கிற திகதி 2024 ஆனி. உங்கள் எதிர்வாதம் இந்த இரண்டு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. தாளில் எழுத்து இருந்ததா இல்லையா என்ற சண்டையில் அது நிற்காது.

நோட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் இருவரின் கையெழுத்தும் நீலப் பேனை, மங்கலாக இருக்கிறது. தொகையும் திகதியும் கறுப்புப் பேனை, மை இன்னும் பளிச்சென்று இருக்கிறது. மூலத்தாள் வழக்குக் கோவையில் இருக்கும். உங்கள் சட்டத்தரணி பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து அதை நேரில் பார்க்கட்டும், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கட்டும். கடன் கொடுத்தவர்கள் சிலர் பின்பக்கத்தில் வரவு குறித்து வைப்பதுண்டு.

அந்த அச்சுப் படிவத்தில் மூன்று இடம் இருக்கிறதே, உண்மையில் கடனாகப் பெற்ற முதல், முற்கூட்டியே கழித்த வட்டி, வருட வட்டி வீதம் என்று. அது அழகுக்குப் போட்டதில்லை. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காசுக்கடன் வழங்கல் கட்டளைச் சட்டம் என்று நூறு வருடம் கடந்த சட்டமொன்று நம்மிடம் இருக்கிறது. கடனுக்குப் பிணையாக எழுதுகிற புரோநோட்டில் இந்த மூன்றையும் தனித்தனியாக, தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. காட்டாத நோட்டை வழக்காடி அறவிட முடியாது. தவறுதலாக விடுபட்டது, சட்டத்தை ஏய்க்கிற எண்ணமில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் மட்டும் விலக்கு உண்டு. உங்கள் நோட்டில் முதல் 12 இலட்சம் என்றும், கழித்தது இல்லை என்றும், வட்டி வருடம் 24 வீதம் என்றும் இருக்கிறது. நீங்கள் சொல்வது உண்மையானால் மூன்றுமே பொய். முதல் 5 இலட்சம், கழித்தது 50,000, வட்டி நூற்றுக்கு மாதம் 5, அதாவது வருடம் 60 வீதம். இதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, தொகையை வெறுமையாக விட்ட நோட்டையோ, பொய்யென்று தெரிந்த தொகை போட்ட நோட்டையோ கடனுக்குப் பிணையாக வாங்குவதையே குற்றமாக்குகிறது. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் தினமும் நடக்கிற ஒரு வேலை அது. கொடுக்கிறவருக்கும் இது குற்றமென்று தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. இதை எழுத எனக்கு மனம் வலிக்கிறது.

அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, வட்டி மிதமிஞ்சியதாகவும் கொடுக்கல் வாங்கல் கொடூரமானதாகவும் அல்லது கணிசமாக அநீதியானதாகவும் இருந்தால், கணக்கை முதலிலிருந்து திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் கணக்கையே எடுங்கள். மாதம் 25,000 வட்டி. இருபது மாதத்தில் வட்டி மட்டும் 5 இலட்சம், முதலைத் தொட்டுவிடும். இப்படியான தனிப்பட்ட கடன்களில் அறவிடக்கூடிய வட்டி நிலுவை முதலைத் தாண்டக்கூடாது என்ற விதியும் 1852ஆம் ஆண்டிலிருந்து நம் சட்டத்தில் இருக்கிறது. இவையெல்லாம் விசாரிக்கத்தக்க விடயங்கள். ஒன்று நின்றாலே அனுமதி கேட்கலாம்.

காலம் கடந்துவிட்டதா என்று கேட்பீர்கள். புரோநோட்டுக்கு ஆறு வருடம். உங்களுக்கு அது உதவாது, அதை எழுத வேண்டாம்.

இப்போது சத்தியக்கடதாசி. உங்கள் முழு வழக்கும் இந்தச் சில பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், கடலோரத்து மீனவர் ஒருவருக்கு இப்படி ஒரு சத்தியக்கடதாசி எழுதினேன். வள்ளத்துக்கு இயந்திரம் வாங்கக் கடன்பட்டவர். அவர் பட்ட பாட்டைக் கேட்டு நெஞ்சு கனத்து, மூன்று பக்கத்துக்கு அந்தப் பாட்டை எழுதினேன். இடப்பெயர்வு, பிள்ளைகளின் படிப்பு, வழக்காளி வீட்டுக்கு வந்து ஏசிய ஏச்சு எல்லாம் இருந்தது. நீதிபதி வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், எந்தெந்தத் திகதியில்?" கடதாசியில் பதில் இல்லை. அவர் கட்டிய மூன்று தவணைக்கும் துண்டு வீட்டில் இருந்தது, நான் கேட்கவில்லை. பிணை வைத்தால் அனுமதி என்று கட்டளை வந்தது. அவருக்கு வைக்க முடியவில்லை. டிக்ரி ஆனது. அவருடைய வள்ளம் போனதற்கு அந்த மூன்று பக்கமும் ஒரு காரணம், அதை எழுதியவன் நான். அன்றைக்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு கோடு போட்டு, திகதி, வாங்கியது, கொடுத்தது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். அழுகிறவர்கள் அழட்டும். அழுது முடிந்ததும் அந்தத் தாளை நிரப்பியாக வேண்டும்.

ஆகவே, "வழக்காளி எங்களை ஏமாற்றிவிட்டார், நாங்கள் கடனை ஏற்கெனவே கட்டிவிட்டோம், அவர் கேட்பது அநியாயம்" என்ற பந்தியை யார் எழுதித் தந்தாலும் கையெழுத்து வைக்காதீர்கள். அது எல்லா எதிராளியும் சொல்கிற வார்த்தை. உங்களுடையது இப்படி இருக்கட்டும்:

"2022 ஐப்பசி மாதம் நானும் எனது கணவரும் வழக்காளியின் நெல் களஞ்சியத்துக்குச் சென்று 500,000 ரூபா கடனாகக் கேட்டோம். வட்டி நூற்றுக்கு மாதம் 5 ரூபா என்று வழக்காளி கூறினார். இரண்டு மாத வட்டியாக 50,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு மிகுதி 450,000 ரூபாவைக் காசாகத் தந்தார். தொகை, திகதி, வட்டி எதுவும் எழுதப்படாத அச்சுப் படிவமொன்றில் எங்கள் இருவரின் கையெழுத்தையும் பெற்றுக்கொண்டார். 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் அதை நிரப்ப நாங்கள் அவருக்கு ஒருபோதும் அதிகாரம் அளிக்கவில்லை."

அதற்கடுத்து 180,000, 60,000, 150,000 என்று மூன்று கொடுப்பனவும் ஒவ்வொரு பந்தியாக வர வேண்டும். நெல் என்றால் எத்தனை மூடை, எந்த வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) ஏற்றியது, யாருடைய உழவு இயந்திரத்தில் போனது, கிலோ என்ன விலைக்குப் போட்டார் என்பதும் வேண்டும். மொத்தம் 390,000. ஒவ்வொன்றுக்கும் கீழே ஆதாரத்தை அடையாளமிட்டு இணையுங்கள். வங்கித் துண்டு உங்களிடம் இருக்கிறது, அது தங்கம். அந்த மை வெயிலில் பறந்துவிடும் வகை, இன்றைக்கே இரண்டு போட்டோப்பிரதி எடுத்துவிடுங்கள். நெல்லுக்குத் தராசுத் துண்டு 2024க்கு மட்டும் இருக்கிறது என்றீர்கள். 2023 வெட்டுக்கு, மூடை ஏற்றிய உழவு இயந்திரக்காரரிடமிருந்து ஒரு சத்தியக்கடதாசி எடுங்கள். தான் கண்ணால் கண்டதை மட்டும் அவர் சொல்லட்டும்.

தொலைபேசியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்று உங்களுக்கே பெரிதாகப் படவில்லை, எனக்குப் பட்டது. வழக்குக்கு முன் வியாபாரி வட்சப்பில் அனுப்பிய குரல் செய்தி. "ரெண்டு லட்சத்தத் தந்து முடிங்க, நான் தாளக் கிழிச்சுப்போடுறன்" என்று அவர் அதில் சொல்கிறார் என்றீர்கள். 12 இலட்சம் வரவேண்டியவர் 2 இலட்சத்துக்குத் தாளைக் கிழிப்பாரா? அந்த போனை மாற்ற வேண்டாம், விற்க வேண்டாம், பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். செய்தி வந்த நாளும் நேரமும் தெரியும்படி திரையைப் படம்பிடித்து, பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதிச் சத்தியக்கடதாசியில் சேருங்கள்.

ஊரில் ஒரு ஆலோசனை வரும். தேநீர்க்கடையில் இருந்து கட்டாயம் வரும். "கையெழுத்தே எங்கடதில்ல எண்டு சொல்லுங்க" என்று. தங்கச்சி, கையெழுத்து உங்களுடையது. சத்தியம் செய்து அதை மறுத்தால் அது பொய்ச் சத்தியம். கையெழுத்துப் பரீட்சகரிடம் போனால் ஒரே நாளில் உடையும். உடைந்தால் மிச்சத்தில் நீங்கள் சொல்கிற உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். நல்லெண்ணத்தில் சந்தேகம் வந்தால் பிணை கேட்கலாம் என்று மேலே சொன்னேனே, அந்தச் சந்தேகத்தை நாமே கூட்டிக்கொண்டு போகக்கூடாது. கையெழுத்து எங்களுடையது, தொகை எங்களுடையது இல்லை என்பதுதான் உங்கள் பலம்.

அதேபோல, இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் பேசும்போது ஒப்புக்கொண்டீர்கள். அதையும் மறைக்காதீர்கள். எவ்வளவு என்று எந்தக் கணக்கில் சொல்வது என்பதைச் சட்டத்தரணியோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். வாங்கிய 450,000இலிருந்து கொடுத்த 390,000ஐக் கழிப்பதா, நியாயமான வட்டி சேர்ப்பதா என்று. ஒப்புக்கொள்கிற பகுதியைக் கட்டும்படி நீதிமன்றம் நிபந்தனை போடக்கூடும். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 12 இலட்சத்துக்கு டிக்ரி வருவதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியது.

நீங்கள் 2ஆம் எதிராளி, கணவர் 1ஆம் எதிராளி. அனுமதி ஆளுக்கு ஆள் தனித்தனியே கேட்கப்பட வேண்டும். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம், ஆனால் அவர் பெயரில் டிக்ரி வரும். வயல் உறுதி அவர் பெயரில் என்றால் நீங்கள் மட்டும் போய் என்ன பயன்? இருவரும் தனித்தனிச் சத்தியக்கடதாசி கொடுங்கள். கணவருக்குத் தெரிந்ததைக் கணவர் சொல்லட்டும், உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதினால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

மட்டக்களப்பில் நீதிமன்ற மொழி தமிழ். கடதாசி தமிழிலேயே இருக்கலாம். சட்டத்தரணி ஆங்கிலத்தில் தயாரித்தால், வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்ற குறிப்பு அடியில் இருக்க வேண்டும், உண்மையில் வாசித்தும் காட்ட வேண்டும். சத்தியப் பிரமாண ஆணையாளர் அல்லது சமாதான நீதவான் முன்னால் நீங்களே போய்க் கையெழுத்து வையுங்கள். வீட்டில் வைத்துவிட்டு மகனிடம் கொடுத்து முத்திரை குத்திவரச் சொல்கிற வேலை வேண்டாம். சைவர் என்றபடியால் நீங்கள் உறுதியுரை செய்வீர்கள், கிறிஸ்தவர் என்றால் சத்தியம் செய்வார். மேலே ஒன்றும் கீழே வேறொன்றுமாக அச்சுப் படிவத்தில் கிடந்துவிடும். அந்த இரண்டு சொல் மாறியதற்காகவே எதிர்த்தரப்பு எழுந்து நின்று ஆட்சேபிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இடமும் திகதியும் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்று நீங்கள் எழுதவில்லை, பேசும்போது குரலில் தெரிந்தது. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது சட்டத்தரணியைத் தருகிறது. மட்டக்களப்பில் நிலையம் உண்டு, அம்பாறை மாவட்டத்து ஆட்களுக்குக் கல்முனையில் உண்டு. கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு, மண்முனைப் பாலத்தால் வருகிற முதல் பஸ்ஸில் வாருங்கள். தவணை நெருங்கிவிட்டது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

இனி, வியாபாரியின் ஆள் கொண்டுவருகிற புதுத் தாள். கையெழுத்து வைக்க வேண்டாம். அது ஒரு புதுப் புரோநோட்டாகவே இருக்கும். பழைய நோட்டிலிருந்த ஓட்டையெல்லாம் அடைத்து, உங்கள் எதிர்வாதத்தை உங்கள் கையாலேயே அழிக்கிற தாள். வழக்கைக் கைவிடுகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுத் தவணைக்கு உங்களை வராமல் செய்து டிக்ரி எடுத்த கதையும் நம் ஊரில் உண்டு. சமாதானத்துக்கு நான் எதிரில்லை. வயல்காரருக்கும் நெல் வியாபாரிக்கும் அடுத்த போகத்திலும் முகம் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அதை நீதிமன்றத்தில் செய்யுங்கள். இன்ன தொகை, இத்தனை தவணை, வெட்டு முடிந்து பங்குனியிலும் ஆவணியிலும் கட்டுவது என்று இணக்கம் கண்டால், 408ஆம் பிரிவின்படி அதை நீதிபதி முன் பதிவு செய்து கட்டளையாக்கலாம். பழைய நோட்டு கோவையிலேயே இரத்தாகட்டும். தொகையைச் சொல்லும்போது உங்கள் வட்டையில் விளைவதைப் பார்த்துச் சொல்லுங்கள். வெட்கத்துக்கு ஒரு தொகையை ஒத்துக்கொண்டு, ஒரு தவணை தவறியதும் முழுவதற்கும் எழுத்தாணை வருகிற இணக்கம் இணக்கமே இல்லை.

தவணையை ஏற்கெனவே தவறவிட்ட வாசகர்களும் இதைப் படிக்கக்கூடும். டிக்ரி வந்த பிறகும் விசேட சூழ்நிலை இருந்தால் அதை ஒதுக்கிவைத்து எதிர்வழக்காட அனுமதி தர 707ஆம் பிரிவில் இடமுண்டு. அழைப்பாணை கைக்கு வரவேயில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தேன் போன்றவற்றை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். தெரிந்த நாளிலிருந்து ஒரு கிழமை சும்மா இருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்குரிய நாட்கள் மிகக் குறைவு. கட்டளை வந்த அன்றே சட்டத்தரணியிடம் அடுத்ததைக் கேளுங்கள், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வராதீர்கள்.

தவணையன்று எட்டரை மணிக்கே நீதிமன்ற வளவுக்குள் நில்லுங்கள். சட்டத்தரணி கையில் விண்ணப்பமும் இரண்டு சத்தியக்கடதாசியும் ஆதாரங்களும் முதல்நாளே இருக்கட்டும். பெயர் கூப்பிட்டால் இருவரும் எழுந்து முன்னுக்குப் போங்கள். நீதிபதி கேட்கக்கூடிய கேள்வி அந்த மூன்று பத்தித் தாளில் இருக்கிறது. எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது. கணவர் அதை மனதில் வைத்திருக்கிறாரா என்று முதல்நாள் இரவே கேட்டுப் பாருங்கள். அழைப்பாணை வந்த உறையையும் கொண்டுபோங்கள். பிஸ்கால் அதை எந்த நாளில் கொடுத்தார் என்று அதன் மேல் நீங்கள் பென்சிலால் எழுதி வைத்ததாகச் சொன்னீர்கள், அதை அழிக்க வேண்டாம்.